பெட்டிக் காக்கா சம்மதிக்காத சம்பந்தம்

கல்முனைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் எந்த மேடையில் மைக் கிறீச்சிட்டாலும், வீட்டில் படுத்திருந்தபடியே வியர்க்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். சாய்ந்தமருதில் கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்குக் கொடுப்பவர். பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கே அவர் பெட்டிக் காக்கா; எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

கொடுப்பவர் என்று சொன்னேனே தவிர, கொடுக்காமல் விடுவதுதான் அவருடைய முழுநேரத் தொழில். பெட்டி கேட்டுப் போனால், பெண் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்ப்பார். "அம்ப் என்ன ரகம்? பின்னுக்கு எத்தின ஓம்ஸ் போட்டிரிக்கி?" சத்தத்தைப் பெருக்கும் அம்ப்பும் அதை வெளியே விடும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்க்கிற அளவாம் இந்த ஓம்ஸ். தெரியாது என்றால் கதவு சாத்தப்படும்.

ஒருமுறை கட்சிக் கூட்டமொன்றில், பேச்சாளர் வாக்குறுதியின் நடுவில் நிற்கும்போது, கருகல் மணக்கிறது என்று காக்கா மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார். கருகியது பின்வளவில் புரியாணிச் சட்டி. காக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. "சட்டி எண்டாலும் கருகினது கருகினதுதானே" என்றார்.

என் மூத்தவன் றொஷான் கொழும்பிலிருந்து பழைய வால்வ் அம்ப் ஒன்றைக் கொண்டுவந்தான். எங்கள் தேவாலய மண்டபத்து இளைஞர் விழாவில் கிற்றார் வாசிக்கத்தான். அதற்கென்று ஒரு பெட்டியும் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு விழாவின் மரியாதையைப் பெட்டிகளை எண்ணித்தான் கணக்கிடுவார்கள். மண்டபத்துக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, ரோட்டில் போகிறவர்களுக்கு ஒன்று. குறைந்தால், "என்ன, செத்த வீடா?" என்பார்கள். ஆகவே இன்னும் இரண்டு பெட்டி கேட்டு, அம்ப்பையும் தூக்கிக்கொண்டு, மகனோடு நானும் காக்காவிடம் போனேன்.

"டீச்சர், இந்த அம்ப்புல எட்டு ஓம்ஸ் எண்டு இரிக்கி. ஒங்கட பெட்டியும் எட்டு. நல்ல சம்பந்தம். இன்னும் ரெண்டு என்னத்துக்கு?" என்றார் காக்கா.

"எட்டும் எட்டும் எட்டும் இருபத்திநாலு. அம்ப்புக்கு லேசுதானே காக்கா" என்றான் மகன்.

காக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீங்க பக்கத்துல பக்கத்துல கொழுவப்போறயள். அப்ப ஏறாது மனே, இறங்கும். மூணுக்கும் கீழ போயிரும். ஓம்ஸ் கொறயக் கொறய அம்ப்புக்குச் சொம கூடும். எங்கட ஊர்ல மாப்பிள்ள பொம்புள வீட்டுக்குத்தானே போறவரு? ஒரு வீடு எண்டாத் தாங்குவாரு. ஒரே நேரத்துல மூணு வீட்டச் சொமக்கச் சொன்னா ஆள் மவுத்தாப் போயிருவாரு."

பெட்டி தரவில்லை. விழாப் பையன்கள் வேறு கடையில் இரண்டு பெட்டி எடுத்து அம்ப்போடு கொழுவினார்கள்.

விழாவுக்கு யாரும் அழைக்காமலே வந்து கடைசி வரிசையில் இருந்தார் காக்கா. நான் தின்னக் கொடுத்த பற்றிஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண் மேடையை விட்டு அசையவில்லை. என்னுடையதும்தான்.

இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதில் சத்தம் தடித்தது, மெலிந்தது, நின்றது. அம்ப்பின் பின்புறத்தில் கண்ணாடிக் குழாய் வால்வுகள் தணல்போலச் சிவந்து கிடந்தன. றொஷான் சுவிட்சை அணைத்தான். வயரையும் பிடுங்கினான். இனிப் பயமில்லை என்று நான் மூச்சுவிட்டேன். அவன் பின்மூடியைக் கழற்றி, உள்ளே கையை நீட்டினான்.

"கைய எடு!"

பற்றிஸ் ஒருபக்கம், கதிரைகள் ஒருபக்கம் பறந்தன. சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிரதம விருந்தினரின் மடியையே படியாக்கி மேடையில் ஏறிய காக்கா, என் மகனைச் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தார். இருவரும் ட்ரம்ஸ் மேல் விழுந்தார்கள். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"வயரப் புடுங்கினாலும் உள்ளுக்குக் கறண்ட் தேங்கி நிக்கும்டா. தொட்டா ஆளக் கொண்டு போயிரும்." காக்கா அவன் கொலரை இன்னும் விடவில்லை. "ஒன்ட அம்மாட மொகத்தப் பாரு."



காக்கா கூட்டிச் சொல்கிறாரோ என்ற நப்பாசையில், அடுத்தநாள் அம்ப் திருத்துகிறவரிடம் கேட்டேன். "ஓம் டீச்சர், தொட்டிருந்தா ஆள் போயிருப்பார்" என்றார் அவர், தேத்தண்ணியை ஆற்றியபடி.

அம்ப் திருந்தி வந்துவிட்டது. நான்தான் இன்னும் திருந்தவில்லை. பின்னேரங்களில் மகன் அறைக்குள் அதைப் போடும்போதெல்லாம் காக்காவுக்குப் போன் எடுக்கிறேன்.

"ஒரு பெட்டிதானே டீச்சர்?"

"ஒண்டுதான் காக்கா."

அதற்குமேல் கதைக்க எங்கள் இருவரிடமும் எதுவும் இல்லை. ஆனாலும் மகன் வாசித்து முடிக்கும்வரை அவர் போனை வைப்பதில்லை.