குடும்பக் குழுவில் கண் சிமிட்டிய மான்

எழுத்துப் பரீட்சையில் நான் முழுப் புள்ளி எடுத்த கேள்வியைத்தான் காட்டில் கோட்டை விட்டேன்.

ஜெர்மனியில் வேட்டைக்குப் போவதற்கு ‘யாக்ட்ஷைன்’ என்ற அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்காக ஒரு வருடம் படித்தேன். (என் மனைவி வசந்தி: “இந்தப் படிப்பை ஊரில படிச்சிருந்தா இப்ப டொக்டரா இருந்திருப்பியள்.”) புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். சுட்ட மிருகம் விழுந்ததும் ஓடக்கூடாது. அடுத்த தோட்டாவைப் போட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். பிறகு துப்பாக்கியோடு பின்பக்கமாகப் போய், நீளமான தடியால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது. உடனே இன்னொரு வெடி வைத்து வேதனையை முடித்துவிட வேண்டும். வாய்மொழிப் பரீட்சையில் இதைத் தேவாரம் போல ஒப்பித்தேன். பரீட்சைக்காரர் தலையாட்டினார்.

மே மாதத்தில் ஒரு காலை. பீலெஃபெல்டுக்கு வெளியே உள்ள காட்டில், பரணில் தனியாக இருந்தேன். எண்பது மீற்றர் தூரத்தில் ஒரு கிடாய் மான் வந்து நின்றது. சுட்டேன். விழுந்தது.

படித்தவன் தோட்டாவைப் போடுவான். நான் கைபேசியை எடுத்தேன்.

துப்பாக்கியைப் பரணிலேயே சாத்திவிட்டு (அது சட்டப்படி குற்றம், அதைப் பற்றியும் பரீட்சையில் கேள்வி வந்தது, சரியாகத்தான் எழுதினேன்) ஓடிப்போய் மானின் முகத்துக்கு நேரே நின்று வீடியோ எடுத்தேன். “என்ர முதல் மான். ஒரே வெடி. ஆள் அசையேல்லை” என்று வர்ணனை வேறு. அதைக் குடும்பக் குழுவில் போட்டேன்.

வுப்பர்டாலில் இருக்கும் என் தங்கை மலர் உடனே அழைத்தாள்.

“அண்ணா, அது கண் சிமிட்டுது.”

“அது காத்துக்கு அசையுது.”

“காத்துக்கு இமை மூடித் திறக்குமே? நான் ரெண்டுதரம் போட்டுப் பாத்தனான். நீங்கள் திரும்பிப் பாருங்கோ.”

திரும்பினேன். மான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துப்பாக்கியை எடுக்க ஓடினேன். ஏணியில் பாதி ஏறும்போதே அது முன்னங்கால்களை ஊன்றி எழும்பி, இழுத்து இழுத்துப் புதருக்குள் போய்விட்டது.

மலர் இன்னும் தொடர்பில் இருந்தாள். “சுட்டாச்சோ?”

“இல்லை. பத்தைக்குள்ள போட்டுது.”

மலர் மெல்லச் சொன்னாள்: “அப்ப அதுக்கு நோகுமெல்லே.”

ஒரு வருடம் படித்த புத்தகம் இவ்வளவு சுருக்கமாக என்னிடம் சொல்லவில்லை.

காயப்பட்ட மிருகங்களை நாயோடு தேடிப் போகும் பிரான்ட் என்ற பெண்மணியின் எண் என்னிடம் இருந்தது. அழைத்தேன்.

“கண்ணைத் தொட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“பின்பக்கமாகப் போனீர்களா?”

“முன்பக்கமாக.”

“துப்பாக்கி?”

“பரணில்.”

“அப்படியானால் கையில் என்ன இருந்தது?”

எனக்கு ஜெர்மன் மறந்துவிட்டது.

“இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருங்கள். இப்போது துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். இன்னும் நோகும்.”

விழுந்து கிடந்த ஒரு மரத்தில் இருந்தேன். சுட்டதும் பொறுத்திருக்க ஏலாதவனுக்கு இந்தத் தண்டனை. கைபேசி ஓயவில்லை. கைதட்டும் பொம்மைகள், பூங்கொத்துகள். வசந்தியின் சித்தப்பா எழுதியிருந்தார்: “தம்பி, ஒரு தொடையை எங்களுக்கு வையும்.” புதருக்குள் ஓர் உயிர் என்னால் துடித்துக்கொண்டிருந்தது, சித்தப்பா கறிக்கு மிளகு போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரான்ட் வந்தார். என்னோடு கை குலுக்கவில்லை. நீண்ட வாரில் கட்டிய நாய் நிலத்தை முகர்ந்துகொண்டு முன்னே போனது. இருநூறு மீற்றருக்கு அப்பால், முட்செடிகளுக்குள் மான் படுத்திருந்தது. தலையைத் தூக்க முயன்றது. அவர் ஒரே வெடியில் முடித்தார். சற்றுப் பொறுத்து, பின்பக்கமாகப் போய், தடியால் கண்ணைத் தொட்டார். பிறகு தடியை என்னிடம் நீட்டினார்.

“நீங்களும் பாருங்கள்.”

தொட்டேன். இமை அசையவில்லை. “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று ஜெர்மனில் சொன்னேன்.

“என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு அவர் நாய்க்குத் தண்ணீர் வைத்தார்.

இது நடந்து ஆறு வருடங்கள். அதற்குப் பிறகு நான் சுட்ட எதையும் தொட்டுப் பார்க்காமல் விட்டதில்லை. ஆனால் அதை யார் படம் பிடித்தார்கள்? எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஓடுவது அந்தப் பழைய வீடியோதான். “ஆள் அசையேல்லை” என்று நான் சொல்லும் இடத்தில் மண்டபமே சேர்ந்து சொல்கிறது. வீட்டிலும் நிம்மதி இல்லை. கார்க் கதவைப் பூட்டிவிட்டேன் என்றாலும், அன்ட்ராக் விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டேன் என்றாலும் வசந்தி தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்:

“கண்ணைத் தொட்டுப் பாத்தனீங்களோ?”

எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனாலும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய், கார்க் கதவை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். போன கிழமை அது திறந்துதான் கிடந்தது. அதை நான் வசந்தியிடம் சொல்லவில்லை.