ஏற்கெனவே இருக்கும் பெயர்

"தம்பி, வெப்சைட்டு வெள்ளையா நிக்குது. ஒண்ணுமே தெரியல," என்றார் போனில் சுப்புராயன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த அஷ்பாக் லேப்டாப்பைத் திறந்தான். சுப்புராயன், சிதம்பரத்தில் நசீரின் கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். நசீர், அஷ்பாக்குக்குப் பெண் கொடுக்கப் போகிறவர். அவராகவே ஆள் அனுப்பிக் கேட்ட சம்பந்தம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் தேதி குறிக்க வருகிறார்கள். அதற்குள் மண்டபத்தை ஆன்லைனில் பதிவு செய்ய ஒரு ப்ளக்-இன் எழுதித் தருவதாக அஷ்பாக் தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். பெண்ணின் பெயர் மெஹ்ரீன். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அடியில எதுனா எழுதியிருக்கா அண்ணே?"

"இங்கிலீஷ்ல ஒரு வரி கெடக்கு. 'என். அஷ்பாக் மண்டபம்'கிற கிளாஸ் பேரு ஏற்கெனவே இருக்குதாம்."

அஷ்பாக்குக்கு ஒன்றும் புரியவில்லை. ப்ளக்-இன் என்பது இருக்கிற வெப்சைட்டில் கொண்டுபோய் ஒட்டவைக்கும் சின்ன புரோகிராம். அதன் உள்ளே இருக்கும் பகுதிக்குக் கிளாஸ் என்று பெயர். ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் வந்தால் வெப்சைட் படுத்துவிடும். இது தெரிந்துதான் அவன் வெறும் 'மண்டபம்' என்று வைக்காமல், பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருப்பதுபோல அத்தா நஸ்ருதீனின் இனிஷியலோடு தன் பெயரையும் முன்னால் சேர்த்திருந்தான். இதைவிட ஒருவன் என்ன ஜாக்கிரதையாக இருக்க முடியும்?

"போன வாரம் நான் அனுப்பின டிரையல் காப்பியா இருக்கும். பழச அழிச்சிடுங்க அண்ணே."

கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது. "அழிச்சிட்டேன் தம்பி. பழசுன்னு இருந்தது பூரா."

அதில் மண்டபத்தின் பத்து வருஷத்துப் போட்டோக்களும் போயிருந்தன. வெப்சைட் மட்டும் அப்படியே வெள்ளையாக நின்றது.

அஷ்பாக் நகத்தைக் கடித்தான். பிறகு ஒரு குறுக்கு வழி தோன்றியது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கிளாஸ் இருந்தால் சண்டை போடாதே, அதையே வைத்துக்கொண்டு வேலையைப் பார் என்று ஒரு வரி எழுதி அனுப்பினான். வெப்சைட் எழுந்துகொண்டது. அவன் டீ குடிக்கக் கிளம்பும்போது நசீரே கூப்பிட்டார்.

"மாப்ள, சைட்டு வந்துடுச்சு. சோதிச்சுப் பாக்கலாம்னு பொண்ணு பேரையும் உங்க பேரையும் போட்டேன். ரெண்டு தட்டுன்னு வருது."

"தட்டா மாமா?"

"ஆமா. உங்க பேருக்கு நேரா சைவம்னு வேற இருக்கு. நம்ம வூட்ல யாரும் அப்புடி இல்லியே."

அஷ்பாக் வெப்சைட்டின் உள்ளே போய்ப் பார்த்தான். அந்த மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்பே ஒரு ப்ளக்-இன் இருந்திருக்கிறது. பந்திக்கு எத்தனை தட்டு என்று பதிவு செய்வது. அவனுடைய கல்யாணப் பதிவெல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் யாரோ எழுதிய சாப்பாட்டு ப்ளக்-இன்னுக்குள் அவனுடைய பெயர், அதுவும் இனிஷியலோடு, எப்படி வந்தது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

யோசிக்க நேரமில்லை. எல்லாக் கிளாஸ் பெயருக்கும் முன்னால் 'கடலூர்' என்று சேர்த்து அனுப்பினான். அவ்வளவுதான், மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் சரியானது. மெஹ்ரீன் மணமகள் ஆனாள். அவன் மணமகன் ஆனான். தட்டுகள் சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பின. அஷ்பாக்குக்கு மாடியிலேயே துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சுப்புராயனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, அந்தச் சாப்பாட்டு ப்ளக்-இன்ன யாரு எழுதினது?"

"என்ன தம்பி புதுசா கேக்கறீங்க? அடியில என். அஷ்பாக்குன்னுதான போட்டிருக்கு."

"நான் எழுதல அண்ணே."

சுப்புராயன் மெதுவாகச் சொன்னார்:

"அப்ப அது நீங்க இல்லியா தம்பி? அந்த வேலயப் பாத்துட்டுத்தான முதலாளி, இந்தப் பையனுக்கே பொண்ணக் குடுக்கணும், எங்க இருந்தாலும் தேடிப் புடின்னு என்னைய அனுப்பினாரு."