பென்னலூர்த் தீவில் முழுகியவர்

ஜெபதாஸை அவருடைய குடும்பம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பின்பக்கச் சுவரோரம் நின்று, முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பு. குளிக்கப் போகிற மனுஷனுக்குச் செருப்பு எதற்கு என்று மகள் ஜோவிதாவுக்குத் தோன்றியதாம். கேட்கவில்லை. அதற்கப்புறம் ஆளைக் காணோம்.

இந்த விவரமெல்லாம் ஜெபதாஸின் காதில் விழுந்தபோது அவர் தன் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். வாயில் மிளகாய் பஜ்ஜியின் காரம் இன்னும் அடங்கவில்லை. தன் சாவுச் செய்தியைத் தானே நின்று கேட்ட முதல் பென்னலூர்க்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெபதாஸ் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இரும்புத் தகட்டில் அறை அறையாகச் செய்து, கொண்டுபோய், போகிற இடத்தில் போல்ட் முடுக்கி நிறுத்துகிற கம்பெனி. மாலத்தீவுப் பக்கம் ஒரு சின்னத் தீவில் யாரோ ஹோட்டல் கட்டுகிறார்கள். அங்கே வேலையாட்கள் தங்க அறைகள் வேண்டும். மூன்று மாசம் கூட இருந்து நிறுத்திக் கொடுக்க ஒரு ஆள் தேவை. தங்க வீடு உண்டு. குடும்பத்தையும் கூட்டிப் போகலாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் ஜெபதாஸுக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியின் ஒரே ஒரு கேள்விக்குத்தான் கண்விழித்து வருகிறார். "மோட்டார் போட்டீங்களா?" போட்டிருந்தால், "நிறுத்தினீங்களா?" பொழுது விடிவதே அவருக்கு மோட்டார் சத்தத்தில்தான். கடலுக்கு நடுவே ஒரு தீவு, அதில் தான் மட்டும் தன்னந்தனியாக, கையில் ஒரு தூண்டில் என்று அவர் மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் தண்ணீர் தொட்டியே கிடையாது.

அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு முனிரத்தினம் போன வருஷம் அந்தத் தீவுக்குப் போய் வந்தவர். டீக்கடையில் அவரை ஓரங்கட்டினார் ஜெபதாஸ்.

"எப்டிப்பா கீது அந்த ஊரு?"

"சொர்க்கம்பா. கண்ணத் தொறந்தா கடலு. திரும்புனா கடலு. ஒரு பய மோட்டார் போட்டியான்னு கேக்க மாட்டான்."

"அப்புறம் ஏன் சீக்கிரமே வந்துட்ட?"

"வேல முடிஞ்சுது, வந்துட்டேன். நான் இன்னா வேலய இழுக்கற ஆளா?"

"குடும்பத்தோட போலாம்னு சொல்றாங்க."

முனிரத்தினம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "ஜெபா, அந்தத் தீவு இம்மாந்தூண்டு. கோச்சிக்கினு வெளிய போனின்னு வையி, எந்தப் பக்கம் நடந்தாலும் சுத்திக்கினு திரும்ப வூட்டாண்டதான் வந்து நிப்ப. யோசிச்சிக்க."

ஜெபதாஸ் யோசித்தார். யோசித்த கையோடு தண்டலம் பக்கம் போய் ஒரு தூண்டில் வாங்கினார். அதைப் பரண்மேல் கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பிறகு வீட்டில் பேச்சை எடுத்தார். "நீ வராதே" என்று அவர் சொல்லக் கூடாது. "நான் வரல" என்று மனைவி அன்னபுஷ்பமே சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

அன்னபுஷ்பம் அப்போது ஒரு அண்டா சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். இருங்காட்டுக்கோட்டையிலும் பென்னலூரிலும் வாடகை ரூமில் தங்கி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அவள் வீடுதான் மெஸ்.

"புஷ்பம், கம்பெனில ஒரு தீவுக்கு அனுப்பறாங்க. மூணு மாசம். நீங்களும் வரலாமாம்."

"வரோம்."

ஜெபதாஸ் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார். "முழுசா கேளு. அங்க கடையே கிடையாது."

"சரி."

"கரண்டு எப்ப போகும் எப்ப வரும்னு தெரியாது."

"இங்க தெரிஞ்சிகினுதான் இருக்கோமா?"

"சர்ச் கிடையாது புஷ்பம்."

"இங்க மட்டும் உள்ளயா வரீங்க? வாசல்ல நின்னு செருப்பத்தானே பாத்துக்கறீங்க. அங்க கடல பாத்துக்கினு நில்லுங்க."

"வூட்ட யாரு பாத்துக்கறது? ஒரு ஆள் வேணுமா இல்லயா?"

"அத அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் அவள், கரண்டியைத் தட்டிக்கொண்டே.

அன்று முழுக்க ஜெபதாஸ் பித்துப் பிடித்தவர் மாதிரி இருந்தார். மறுநாள் தொழிற்சாலையில் புது அச்சில் அடித்த தகட்டை ட்ரையல் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வழி பிறந்தது. அவர்கள் லைனில் எதையும் ட்ரையல் ஓட்டாமல் ஏற்ற மாட்டார்கள். ட்ரையலில் தோற்றது தோற்றதுதான், கெஞ்சினாலும் லைனுக்குப் போகாது. குடும்பத்தையும் ஒரு ட்ரையல் ஓட்டிவிட்டால்?

கோடை ஷட்டவுன் வந்தது. கம்பெனிகளெல்லாம் ஒரு வாரம் மூடிக்கிடந்தன. மெஸ் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜெபதாஸ் மனைவியையும், பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த மகளையும் கூடத்தில் உட்கார வைத்துச் சட்டம் படித்தார்.

"இந்த ஒரு வாரம் நம்ம வீடுதான் தீவு. காம்பவுண்டுக்கு வெளிய எல்லாம் கடல். பால் வராது, பேப்பர் வராது, கடைக்குப் போகக் கூடாது. யாராவது வெளிய கால வெச்சா முழுகிட்டதா அர்த்தம். முழுகினவங்க முழுகினவங்கதான். தீவுக்குக் கிடையாது."

"யாரா இருந்தாலுமா?" என்று கேட்டாள் அன்னபுஷ்பம்.

"யாரா இருந்தாலும்."

"ஜோவி, அப்பா சொன்னத கேட்டுக்கினியா?"

"கேட்டுக்கினேன்மா."

செவ்வாய்க்கிழமைக்குள் அன்னபுஷ்பம் அழுதுகொண்டு வருவாள் என்று கணக்குப் போட்டிருந்தார் ஜெபதாஸ். பக்கத்து வீட்டுச் செந்தாமரையோடு பேசாமல் ஒரு பொழுதைக் கழிக்க அவளால் முடியாது. ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே முனிரத்தினத்தின் மனைவி செந்தாமரை, அவள் வீட்டுப் பக்கம் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, நடுச்சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"இது செல்லாது" என்றார் ஜெபதாஸ்.

"நான் எங்க வெளிய போனேன்? அவதான் வந்துகீறா. அவ கப்பல்" என்றாள் அன்னபுஷ்பம்.

"கப்பலுக்கு வணக்கம் சொல்லுங்கண்ணே" என்றது கப்பல்.

கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வடகம் என்று அன்னபுஷ்பம் ராஜபோகமாகச் சமைத்தாள். மகளுக்கு நிதானமாகத் தலை பின்னிவிட்டாள். மத்தியானம் தூங்கினாள். அவள் மத்தியானம் தூங்கி ஜெபதாஸ் அதுவரை பார்த்ததே இல்லை. தீவு அவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது.

தவித்தது அவர்தான். பாலில்லாத டீ தொண்டையில் இறங்கவில்லை. பேப்பர் இல்லாமல் அரிசி மூட்டையில் இருந்த எழுத்தையெல்லாம் படித்தார். மொட்டைமாடியில் நின்று, பெங்களூர் ரோட்டில் போகிற கண்டெய்னர் லாரிகளைக் கைகாட்டி நிறுத்தலாமா என்று பார்த்தார். புதன்கிழமை டீக்கடை ஞாபகத்தில் கண் கலங்கியது. வெங்காயம் உரித்ததாகச் சொல்லிச் சமாளித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பின்பக்கச் சந்திலிருந்து ஒரு வாசனை வந்தது.

மிளகாய் பஜ்ஜி. எட்டிப் பார்த்தால் வனமாமலையின் தள்ளுவண்டி. தண்டலத்தில் காலேஜ் பஸ் ஸ்டாப்பை விட்டு அசையாத வண்டி, சரியாக அவர் வீட்டு முருங்கைக்கு நேர் பின்னால் அடுப்பை மூட்டி நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு டீ கேன்.

"என்ன அண்ணாச்சி, மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கிய? இறங்கி வாங்க, சூடா இருக்கு" என்றார் வனமாமலை.

திரும்பிப் பார்த்தார். அன்னபுஷ்பம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். துண்டைத் தோளில் போட்டார். மகள் உள்ளே போகிறவரை முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குதித்தார்.

தின்று, குடித்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் முதல் அதிர்ச்சி. சந்து பள்ளத்தில் இருந்தது. உள்ளேயிருந்து இடுப்புயரமாக இருந்த சுவர், வெளியேயிருந்து அவர் தலைக்கு மேல் நின்றது. ஏறிப் பார்த்தார், வழுக்கினார். வேறு வழியில்லை. ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

கேட் உள்ளே பூட்டியிருந்தது. வாசலில் நாற்காலிகள். அன்னபுஷ்பம் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கையில் ஃபிளாஸ்க்கோடு செந்தாமரை. ஜோவிதா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவை இழந்து நிக்கற எங்க குடும்பத்துக்கு ஆறுதல் தாரும் ஆண்டவரே. அவர் செருப்போட போனாரு. அதையாவது அலை கரை ஒதுக்கட்டும்."

"ஆமென்" என்றாள் செந்தாமரை. "நல்ல மனுஷன். நீச்சல் தெரியாது, பாவம்."

"புஷ்பம்" என்றார் ஜெபதாஸ், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"யாரோ கூப்படறாங்க ஜோவி. கடல் காத்து சத்தமா இருக்கும்."

"கேட்ட தொற புஷ்பம். தெருவுல எல்லாரும் பாக்கறாங்க."

"முழுகினவங்க முழுகினவங்கதான்னு எங்க வூட்டுக்காரர் சொல்லிட்டுப் போயிருக்காரு. அவர் வார்த்தய மீற முடியுமா?"

அப்போதுதான் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளை ஜெபதாஸ் கவனித்தார். கையில் டீ தம்ளர், மடியில் வடகத் தட்டு. கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி பிரவீனா. ஜெபதாஸ் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"மேடம், நீங்க இங்க..."

"வீட்டு விசிட் சார். தீவுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி குடும்பத்தைப் பாத்துப் பேசணும். அக்கா இன்னைக்கு வாங்கன்னாங்க. நான் ட்ரெய்னியா இருந்தப்ப இவங்க மெஸ்லதான சாப்பாடு, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

"போன வருஷம் தனியா போனவர் அங்க இருக்க முடியாம ரெண்டாவது போட்லயே ஓடி வந்துட்டார் சார். அதனாலதான் இந்தத் தடவை குடும்பம் கூட இருந்தா நல்லதுன்னு பாக்கறோம்."

ஜெபதாஸ் மெல்ல நடுச்சுவர்ப் பக்கம் பார்த்தார். அதற்கு மேலே தெரிந்துகொண்டிருந்த முனிரத்தினத்தின் தலை கீழே இறங்கிவிட்டது.

"தெனம் போன்ல அழுவாருண்ணே" என்றாள் செந்தாமரை. "மோட்டார் சத்தம் கேக்கணும்பாரு. நான் போனை மோட்டாராண்ட புடிப்பேன்."

பிரவீனா எழுந்தார். "நீங்க நாலு நாள் உங்க வீட்லயே இருக்க முடியல சார். நாங்க எப்படி உங்களத் தீவுக்கு அனுப்ப? சூப்பர்வைசரா வேற ஒருத்தர் போகட்டும். ஆனா அங்க மெஸ்ஸப் பாத்துக்க ஆள் இல்லாம தவிச்சிட்டு இருந்தோம். அக்கா சரின்னுட்டாங்க. அவங்களுக்கு ஒரு ரூம். கூட ஒருத்தர் போகலாம்."

"நான் போறேன் மேடம்" என்றார் ஜெபதாஸ்.

அன்னபுஷ்பம் முக்காட்டை எடுத்தாள். "உயிரோட இருக்கறவங்கள்ல ஒருத்தர்" என்றாள். "ஜோவி வரா. வூட்ட பாத்துக்க ஒரு ஆள் வேணும்னு நீங்கதான சொன்னீங்க?"

பிரவீனாவை வழியனுப்பிவிட்டுத்தான் ஜெபதாஸை உள்ளே விட்டார்கள். ஜெபதாஸ் படியில் உட்கார்ந்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

அவள் உள்ளே போனாள். பரண்மேல் ஏறி நட்சத்திரத்தை நகர்த்தி, தூண்டிலை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மூணு பேர் போற எடத்துக்கு ஒரே ஒரு தூண்டில் வாங்கியிருந்தீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

போகிற அன்றைக்கு அந்தத் தூண்டிலை ஜோவிதா தோளில் மாட்டிக்கொண்டாள். ஏர்போர்ட் கார் வந்தது. அன்னபுஷ்பம் கருவாட்டு மூட்டையை ஏற்றினாள். கேட்டைத் தாண்டி வெளியே கால் வைக்கும்போது ஒரு நொடி நின்று சிரித்தாள். "நான் கப்பல்ல ஏறிட்டேன். முழுகல" என்றாள். கார் கிளம்பியது. செந்தாமரை டிரம் மேல் நின்று கைகாட்டினாள்.

அன்று சாயங்காலம் ஜெபதாஸ் பின்பக்கம் போய்ப் பார்த்தார். சந்து காலியாக இருந்தது. தண்டலம் வரைக்கும் நடந்துபோய் வனமாமலையிடம், "ஏன்பா, எங்க சந்துப் பக்கம் வரதில்ல?" என்று கேட்டார்.

"அக்கா அந்த ஒரு வியாழக்கிழமைக்குத்தான் சொன்னாவ அண்ணாச்சி" என்றார் வனமாமலை. "செந்தாமரை அக்காதான் வந்து இடத்தக் காட்டினாவ."

ஜெபதாஸ் பஜ்ஜி வாங்காமல் திரும்பினார். வீட்டில் யாரும் இல்லை. அவர் கேட்ட தனிமை சுற்றி நாலு பக்கமும் இருந்தது. மறுநாள் காலையில் போன் அடித்தது. அலை சத்தம் கேட்டது, ஜோவிதா யாரோடோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அன்னபுஷ்பத்தின் குரலுக்காக அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மோட்டார் போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு, மாடிக்கு ஏறி மூடியைத் திறந்து பார்த்தார். தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.