நோரா அம்மாவின் சுவரை நான் சுத்தம் செய்த காலை

சுவரில் செடி முளைத்திருப்பதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு வில்லியனூரைச் சுற்றிப் பதினைந்து வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறவன் நான். விரல் நீளத்துக்கு ஓர் அரசங்கன்று தலைகாட்டினால் போதும், நாலு மழைக்காலத்தில் அது சுவரையே பிளந்துவிடும். பாகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பட்டு வேட்டியோடு மண்டபத்துக் காம்பவுண்டு மேல் ஏறி அப்படி ஒரு கன்றைப் பிடுங்கியிருக்கிறேன். (அந்தக் கல்யாண வீடியோவில், தாலி கட்டும்போது ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற இரண்டு கால்கள் என்னுடையவை.)

இந்தப் புத்தி ஊருக்குள்ளேயே இருந்திருந்தால் பரவாயில்லை. அதை நான் அயர்லாந்து வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.

என் தங்கை ஜெசிந்தா அங்கே கில்கென்னியில் நர்ஸ். கோட்டையும் ஆறும் கல் பாவிய சந்துகளுமாகப் பழைய ஊர் அது. வேலைக்குப் போன முதல் வருடம் அவள் தங்கியிருந்தது நோரா என்பவரின் வீட்டில். எழுபது வயதைத் தாண்டிய விதவை, வீட்டின் ஆறு அறைகளை வெளியூர்ப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர். முதல் குளிர்காலத்தில் காய்ச்சலோடு சோறு இறங்காமல் கிடந்த என் தங்கைக்குக் கஞ்சி மாதிரி ஏதோ காய்ச்சி ஸ்பூனால் ஊட்டியவர். அதனால் ஜெசிந்தாவுக்குக் குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானத்தில் அதைக் கையில் ஏந்தி நிற்கிற ஞானத்தாய் நோராதான் என்று முடிவாகிவிட்டது. ஞானத்தகப்பன், தாய்மாமனாகிய நான்.

ஜெசிந்தாவின் சின்ன வீட்டில் அவள் மாமியார் வந்து இறங்கியிருந்ததால், என்னையும் என் மனைவி பிலோமினாவையும் நோரா வீட்டிலேயே தங்க ஏற்பாடு செய்திருந்தாள். கிளம்புகிற அன்று போனில் மூன்று தடவை சொன்னாள்.

"அண்ணே, அவங்க எனக்கு அம்மா மாரி. அவங்க வூட்ல போயி நீ ஒண்ணும் பண்ணாத. சும்மா இரு, அது போதும்."

"நான் இன்னாடி பண்ணப் போறேன்?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்ச் சேர்ந்தோம். டாக்ஸியிலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று மாடிக் கல் கட்டடம், தரையிலிருந்து கூரை வரை ஒரே கொடி. ஜன்னல்களுக்கு மட்டும் சதுரமாக இடம் விட்டு மிச்சமெல்லாம் இலை. பாவம், ஆண் துணை இல்லாத வீடு, கவனிக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"செவுரு போச்சு பிலோமி," என்றேன்.

"ஊரு வுட்டு ஊரு வந்துக்கினு இன்னாத்துக்குச் செவுத்தப் பாக்கறீங்க? பொட்டியத் தூக்குங்க," என்றாள் அவள்.

நோரா அம்மா வாசலுக்கே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். (அங்கே எல்லாரும் பேசிய இங்கிலீஷை என் தமிழில் தருகிறேன். நான் பேசிய இங்கிலீஷை மறைக்கவும் அது வசதி.) முன்னறையில் விருந்தாளிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அது ஒரு வழக்கமாம். வந்தவர்கள் சாயங்காலம் கூடி உட்கார்ந்து, இந்த ஊரில் முன்பு எங்கே தங்கினோம், என்ன நடந்தது என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். ஒருவர் மதுக்கடை மாடியில் தங்கியபோது கீழே போட்ட பாட்டின் அதிர்வுக்குத் தன் கட்டில் அறைக்குக் குறுக்கே நகர்ந்து போன கதையைச் சொன்னார். ஓர் அம்மா, ஆற்றங்கரை விடுதி ஒன்றில் காலையில் சமையலறைக் கதவை அன்னப்பறவை வந்து தட்டும் என்றார். என் முறை வந்ததும், எனக்கு இந்த ஊரில் கதை இல்லாததால், வேளாங்கண்ணித் திருவிழாவில் ஒரே அறையில் பதினோரு பேர் படுத்ததையும், ஒரே ஒரு ஃபேன் என் மாமியார் பக்கமே திரும்பி நின்றதையும் சொன்னேன். அறை அதிரச் சிரித்தார்கள். அந்த வெற்றியோடு, நம்மூர்க் கணக்கில் நேரம் எங்கேயோ போய்விட்டதால், மாடிக்குப் போய்க் கட்டிலில் விழுந்தேன். எனக்குப் பிறகு பேசியது மைக்கேல், ரோஸ் என்ற வயதான தம்பதி. பிலோமினா இருந்து கேட்டாள், நான் கேட்கவில்லை.

காலை ஐந்து மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் அங்கே அந்நேரத்துக்கே பளீரென்று வெளிச்சம். வீடு முழுக்கத் தூக்கம். லுங்கி, ஸ்வெட்டர், மங்கி கேப்போடு கீழே இறங்கினேன். பின்பக்கக் கொட்டகையில் ஏணி, பெரிய கத்தரி, ரம்பம் எல்லாம் இருந்தன. என் தங்கைக்கு ஊட்டிய கைக்கு நான் வேறு எப்படித்தான் நன்றி சொல்வது? எனக்குத் தெரிந்தது ஒரே வேலை.

முறையாகச் செய்தேன். முதலில் தூரை அறுத்தேன். பிறகு மேலே ஏறிக் கொடியைக் கோரைப்பாய் சுருட்டுவதுபோல உரித்துக்கொண்டே வந்தேன். மேல்மாடி ஜன்னல் ஓரத்தில் ஒரு குருவிக்கூடு, உள்ளே நாலு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில் மட்டும் இரண்டு முழம் விட்டுவைத்தேன். தெருவில் நாயோடு நடந்து போன ஒருவர் நின்று, வாயைத் திறந்தபடி வெகு நேரம் பார்த்தார். வேலைப்பாட்டை ரசிக்கிறார் என்று நினைத்து, ஏணியிலிருந்தே குட் மார்னிங் சொன்னேன். எட்டு மணிக்கு முடிந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு இலைக்குவியல். சுவர் மொட்டையாக, சுத்தமாக நின்றது.

முதலில் வெளியே வந்தது மைக்கேலும் ரோஸும். அவர் கோட்டில் பூ குத்தியிருந்தார், அந்த அம்மா நீல கவுன் போட்டிருந்தார், கையில் கேமரா. இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். ரோஸ் அம்மா தெருவுக்கு இறங்கிப் போய்க் கதவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு வந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

அப்புறம் நோரா அம்மா ஏப்ரனோடு வந்தார்.

"இனிமேல் நூறு வருஷத்துக்கு உங்கள் வீட்டுக்குக் கவலையில்லை," என்றேன்.

அவர் தலையை மெதுவாக உயர்த்தி மேலே பார்த்தார். குருவிக்கூட்டில் அவர் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. நான் நாலு குஞ்சு என்று விரலால் காட்டினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த பிலோமினா இலைக்குவியலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்துதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கொடியை வைத்தது நோராவின் மாமியார், தான் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த வருடம். இலையுதிர் காலத்தில் சுவர் முழுக்கச் சிவப்பாகிவிடுமாம். அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்களாம். மைக்கேலும் ரோஸும் தேனிலவில் இந்தக் கொடிக்கு முன்னால்தான் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வந்து அதே இடத்தில் நின்று எடுப்பார்கள். நாற்பதாவது கல்யாண நாள் இன்றைக்குத்தான்.

"ஏண்டி எனக்குச் சொல்லல?"

"அவங்க காட்ன ஆல்பத்தப் பாத்துட்டு மேல வந்தா நீங்க கொறட்ட வுட்டுக்கினு இருந்தீங்க. ஒருத்தர் வூட்டுச் செவுத்த விடியறதுக்குள்ள உரிச்சி வைப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

ஒன்பது மணிக்கு ஜெசிந்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதாள்.

"இன்னா அண்ணே பண்ணி வச்சிருக்க? இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது அவங்க ஒருத்தவங்கதான். நாளிக்கி எம் புள்ளைய அவங்க கையில வாங்குவாங்களா, சொல்லு!"

என்னால் என் தங்கை அழுதது அதுதான் முதல் தடவை. செருப்பால் அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

சமையலறைக்குப் போனேன். நோரா அம்மா மேஜை முன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னொரு கோப்பையில் டீ ஊற்றினார்.

"சுவர் எப்படி இருக்கிறது?"

"நான் கட்டிய எந்தச் சுவரும் அவ்வளவு நன்றாக இல்லை," என்றேன். உண்மை அதுதான். ஒரு விரிசல் இல்லை, ஒரு பூச்சு பெயரவில்லை.

"வேர் கல்லுக்குள் போயிருந்ததா?"

"இல்லை. வெறுமனே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது."

"ஆமாம்," என்றார். "எனக்கும் தெரியும்."

மன்னிப்பு கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இரண்டு வரியில் தீர்ந்துவிட்டது, மிச்சத்தைக் கைகூப்பிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன். "டீ ஆறுகிறது," என்றார்.

வெளியே மைக்கேல் என்னைக் கூப்பிட்டார். எப்படியும் படம் எடுத்தாக வேண்டுமாம். "இத்தனை வருஷமாக இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாம் 'என்ன அழகான இலை' என்பார்கள். எங்களை ஒருத்தரும் பார்த்ததில்லை," என்றார் ரோஸ் அம்மா. மொட்டைச் சுவருக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள், நடுவில் லுங்கியும் மங்கி கேப்புமாக நான். மறுத்துப் பார்த்தேன், விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானத் தொட்டி பக்கத்தில் தனியாக நின்றேன். ஜெசிந்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்," என்று அவர் சொல்லி, அந்தக் கொஞ்சமும் தீர்ந்து, புத்தகத்தைத் திறந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நல்ல உடையில், தொப்பியோடு நோரா அம்மா நடந்து வந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ஜெசிந்தாவிடம் போய்க் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். என் தங்கை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

சாமியார் ஜெபத்தை ஆரம்பித்தார். நோரா அம்மா பீடத்தைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் என்னிடம் சொன்னார்: "அங்கே பூத்தொட்டிகள் இருக்கின்றன. கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்."

சரியாக அந்த நேரம் பார்த்துச் சாமியார், சடங்கு முறைப்படி எங்கள் இரண்டு பேரிடமும், "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சாத்தானைப் பற்றிக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்த ஞானத்தகப்பனை அந்தச் சாமியார் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். நோரா அம்மாவும் குலுங்கினார், குழந்தையும் சேர்ந்து குலுங்கியது. மறுபடி கேட்டார். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்டுவிடுகிறோம் என்றோம்.

மொட்டைச் சுவர் முன்னால் எடுத்த அந்தப் படம் இப்போது நோரா அம்மா வீட்டு நடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கில்கென்னியில் எங்கே தங்கலாம் என்று பயணிகள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற இடங்களில், கோட்டைக்கு அடுத்தபடி என் பெயர்தான் வருகிறது என்கிறாள் ஜெசிந்தா. பெயர் என்றால் பெயர் இல்லை, 'ஏணி மனிதர்'. அவர் தங்கிய அறை வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்களாம். வில்லியனூரில் எங்கள் சொந்தக்காரர் யாராவது ரோஜாத்தொட்டி வாங்கினால், நான் போகிற அன்றைக்கு அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள்.

அடுத்த வசந்தத்தில் அறுத்த தூரிலிருந்து கொடி மறுபடி துளிர்த்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நோரா அம்மா குழந்தையை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். முதல் படத்தில் குழந்தைதான் உயரம். இப்போது அவளுக்கு ஐந்து வயது. கொடி இரண்டாவது மாடியைத் தொட்டுவிட்டது.

போன வாரம் வீடியோ காலில் அவள் என்னைக் கேட்டாள், "மாமா, நீ எப்ப எங்க ஊருக்கு வருவ?"

"நோரா பாட்டி கூப்ட்டா வரேன்," என்றேன்.

போனை மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே ஏதோ பேச்சு, ஒரு கிழவியின் சிரிப்பு. மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"டிசம்பர்ல வரச் சொல்றாங்க மாமா. அப்ப இலையெல்லாம் தானாவே கொட்டிடுமாம்."