சால்வைக்குள் என் கை

எனக்கு வாய் அடங்காது. இதை மனைவி சொன்னால் மறுப்பேன். ஆனால் லண்டன் லூயிஷாமில் நான் வேலை செய்யும் யூசுப் பாயின் கடையில் நடந்ததை நினைத்தால் மறுக்க முடிவதில்லை.

பாய் காஷ்மீர்க்காரர், பவளம் விற்பவர். அவருக்குப் பவளம் கொண்டுவருபவர் திபெத்தியரான பேமா அக்கா. இருவரின் தாத்தாக்களும் லடாக்கில் ஒன்றாக வியாபாரம் செய்தவர்களாம். அந்த வழக்கப்படி இவர்களும் விலையை வாயால் பேசமாட்டார்கள். ஒரு சால்வைக்குள் கைகளை நுழைத்து, விரலைப் பிடித்தே பேரம். ஒரு விரலுக்கு நூறு பவுண்ட். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியக்கூடாது. (இதற்கு இரண்டு மணித்தியாலம், ஆறு தேத்தண்ணி. ரசீதும் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.)

அன்று பாயின் வலது கை எலும்பு முறிந்து மாக்கட்டில் இருந்தது. கடையில் இன்னொரு பவள வியாபாரி வேறு, சும்மா பார்ப்பதுபோல் நின்றார்.

"இன்றைக்கு நீ கையைக் கொடு. எத்தனை விரல் என்று என் காதில் மட்டும் சொல்," என்றார் பாய் ஆங்கிலத்தில்.

கொடுத்தேன். அக்கா நாலு விரலைப் பிடித்தார். நானோ பாரிசில் பத்து வருடம் மரக்கறிக் கடையில் நின்றவன். யார் விலை சொன்னாலும் உரக்கத் திருப்பிச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

"நானூறா அக்கா?" என்றேன், கடை முழுக்கக் கேட்க.

அக்கா கையை உருவிக்கொண்டார். "நான் ஐந்நூறு தருகிறேன்," என்றார் மற்ற வியாபாரி. மூன்று தலைமுறை நம்பிக்கையை முடித்துவைத்தேன் என்றே நினைத்தேன்.

"கை கொடுத்தாயிற்று. இது பாய்க்குத்தான்," என்றார் அக்கா.

"அப்படியென்றால் நானும் ஐந்நூறு தருவேன்," என்றார் பாய்.

"நானூறுதான்."

"ஐந்நூறு."

விற்பவர் குறைக்க, வாங்குபவர் கூட்ட, முக்கால் மணித்தியாலம் சண்டை. அதுவும் சத்தமாக. நானூற்றைம்பதில் முடித்துவிட்டு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"போய்த் தபால் முத்திரை வாங்கிக்கொண்டு வா," என்றார் பாய்.

அன்றிலிருந்து அக்கா வரும் நாளெல்லாம் பேரம் முடியும்வரை எனக்குத் தபாற்கந்தோர்தான். இதை வீட்டில் வேறு சொல்லித் தொலைத்தேன்.

போன மாதம் மகளுக்குச் சம்பந்தம் பேச கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததுதான் தாமதம், மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, வீட்டிலை முத்திரை முடிஞ்சுபோச்சு. ஒருக்கா வாங்கிக்கொண்டு வாங்கோ."

அன்று ஞாயிற்றுக்கிழமை, தபாற்கந்தோர் பூட்டு. இருந்தும் போனேன்.