ஒரு ஸ்டீயரிங், இரண்டு பேட்டரி

சுந்தரராமன் சாவியைத் திருகினார். வண்டி ஒரு முக்கல்கூட முக்கவில்லை.

மறுபடி திருகினார். முன்னால் புதிதாக மாட்டியிருந்த லைட் பட்டை பளிச்சென்று எரிந்தது. தலைக்கு மேலே குட்டி ஃபேன் சுற்றியது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் பொழிந்தது. எஞ்சின் மட்டும் எனக்கென்ன என்று கிடந்தது.

“என்ன வேல்ராஜ், எல்லாம் ஓடறது, வண்டி மட்டும் ஓடலையே?”

“பத்து நிமிஷம் முன்னாடி நாலு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன் சார். ஏக்தம் ஒரே அடியில புடிச்சிச்சு” என்றான் வேல்ராஜ். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது.

தாராவியில் பதினெட்டு வருஷமாக ஆட்டோவும் டாக்ஸியும் டெம்போவுமாக ஒயரைப் பிரித்து மேய்ந்தவன் அவன். ஆனால் இந்த மாதிரி வண்டி கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. காட்டிலும் மேட்டிலும் சேற்றிலும் ஓட்டுகிற வண்டி. கதவு கிடையாது, டிராக்டர் மாதிரி டயர், அருகருகே இரண்டு சீட். மாதுங்காவில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் சுந்தரராமன், கர்ஜத் பக்கம் வாங்கிப் போட்ட மாந்தோப்பைச் சுற்றிவருவதற்காகப் பழைய வண்டியாகப் பார்த்துப் பிடித்தது. லைட், ஃபேன், ஸ்பீக்கர் மாட்டுவதற்காக வந்தது. ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாததால் டெம்போவில் வந்து இறங்கியிருந்தது.

அன்றைக்கே வேல்ராஜ் கடை போர்டில் ‘ஜங்கிள் வண்டி ஸ்பெஷலிஸ்ட்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டான். பெயின்ட்டும் காய்ந்துவிட்டது. தெருவே அதைப் படித்துவிட்டது. இப்போது அந்த ஒரு வரியின் மானம்தான் அவனுக்குப் பெரிசு.

பானெட்டைத் திறந்தான். டிரைவர் பக்கம் குனிந்து பார்த்தான். பக்கத்து சீட்டில் சுந்தரராமனின் மனைவி ஷ்யாமளா சாலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் எறங்கணுமாப்பா?”

“வேண்டாம் மாமி, நீங்க சும்மா இருங்க. லோடு ஜாஸ்தி, அவ்வளவுதான். லைட்டு, ஃபேனு, பாட்டு எல்லாத்தையும் ஒரு பேட்டரி எப்படி இழுக்கும்? இன்னொண்ணு போட்டுருதேன்.”

“போட்டுடு. அடுத்த சண்டே வரோம்” என்றார் சுந்தரராமன்.

இரண்டாவது பேட்டரியை வைக்க இடமில்லை. பின்னால் இரும்புச் சட்டம் அடித்து வைத்தான். அது பின்விளக்கை மறைத்தது. விளக்கைக் கழற்றி மேலே மாட்டினான். அதற்கு ஒயர் எட்டவில்லை. ஒயரை நீட்டிய பிறகு ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. எல்லாவற்றையும் நிமிர்த்தி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. சனிக்கிழமை ஆறு தடவை ஸ்டார்ட் செய்தான். ஆறு தடவையும் சிங்கம் மாதிரி உறுமியது.

ஞாயிறு காலை தம்பதி ஃப்ளாஸ்கில் காப்பியோடு டாக்ஸியில் வந்து இறங்கினார்கள்.

“நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?” என்றாள் ஷ்யாமளா.

சுந்தரராமன் சிரித்தார். “கேட்டியா வேல்ராஜ்? இவ லைசென்ஸ் எடுத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு நாள்கூட நான் கார் சாவியைக் குடுத்ததில்லை. நீ பக்கத்துல உக்காந்து காத்து வாங்கிக்கோ.”

ஷ்யாமளா பக்கத்தில் உட்கார்ந்து காற்று வாங்கினாள். சுந்தரராமன் சாவியைத் திருகினார். நாதஸ்வரம் வந்தது. எஞ்சின் வரவில்லை.

வேல்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வாரம் அவன் வேறு வண்டியைத் தொடவில்லை. கேபிளை மாற்றினான், ரிலேயை மாற்றினான், சாவித்துளையையே பெயர்த்து மாற்றினான். அவசரத்தில் இரண்டு ஒயர் இடம் மாறிப்போய், பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அலறியது. ஹார்னை அழுத்தினால் லைட் எரிந்தது. தெருவில் நாலு பேர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகுதான் அதைச் சரிசெய்தான்.

சாப்பாடு கொண்டுவந்த அவன் பெண்டாட்டி இசக்கிசெல்வி சற்று நேரம் நின்று பார்த்தாள்.

“வீட்ல மிக்ஸி மூணு மாசமா சுத்தல. இங்க இந்த எருமைக்கு ரெண்டு பேட்டரி கேக்கோ?”

“ஏட்டி, நானே நொந்து கெடக்கேன். தனியா இருந்தா ஓடுது, அந்த சார் கை வச்சா நின்னுருதுட்டி.”

“அப்பம் கண்ணேறுதான். பொறவு என்ன?” என்று அவள் ஒரு எலுமிச்சம்பழத்தை முன்கம்பியில் கட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாவது ஞாயிறு. வண்டியைக் கர்ஜத்துக்கு ஏற்றிப்போக அதே டெம்போ வந்து நின்றது. கொஞ்சம் ஒயரிங் வேலையும் தெரிந்த டிரைவர் சைஃப் பலகையைச் சாய்த்துவிட்டு பீடா மென்றுகொண்டிருந்தான்.

“இன்னிக்கு ஆகலைன்னா நேரா தாணேல ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோயிடுவேன். முதல்ல அந்த போர்டை அழி” என்றார் சுந்தரராமன்.

ஏறினார். ஷ்யாமளாவும் ஏறினாள். சாவி திரும்பியது. லைட், ஃபேன், நாதஸ்வரம். அவ்வளவுதான்.

வேல்ராஜ் பெயின்ட் டப்பா எங்கே இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தான்.

“நான் ஒரு தடவை பார்க்கறேனே. கெட்டுப்போனதை என்ன புதுசா கெடுத்துடப் போறேன்?” என்றாள் ஷ்யாமளா.

சுந்தரராமனுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஷ்யாமளா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பிரேக்கை மிதித்துச் சாவியைத் தொட்டாள்.

எஞ்சின் உறுமியது. தெருவே திரும்பிப் பார்த்தது.

ஷ்யாமளா யாரையும் பார்க்கவில்லை. வளைத்தாள், ஒடித்தாள், பலகையில் ஒரே மூச்சில் ஏற்றி டெம்போவின் நடுவில் அளந்து வைத்ததுபோல் நிறுத்தினாள். பக்கத்து சீட்டில் சுந்தரராமன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

“நம்ம கை ராசி இல்லைப்பா” என்றார் இறங்கியதும். “இந்த வண்டி இவளுக்குத்தான் கட்டுப்படறது. இனிமே தோப்புல இவளே ஓட்டட்டும்.”

“நீங்க சொன்னா சரி” என்றாள் ஷ்யாமளா அடக்கமாக. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கணவரோடு டெம்போவின் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

வேல்ராஜுக்கு உயிர் வந்தது. போர்டை நிமிர்ந்து பார்த்தான். ஜங்கிள் வண்டி ஸ்பெஷலிஸ்ட் வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்தார். பின்னால் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த சைஃபின் தோளைச் சந்தோஷத்தில் தட்டினான்.

“பாத்தியாடே? ரெண்டு பேட்டரி போட்டதும் எப்படி எடுத்துச்சு!”

சைஃப் முடிச்சைப் போட்டுவிட்டு, முன்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அது இருக்கட்டும் அண்ணே, வண்டி வாங்கின அன்னிக்கே அந்த ஆன்ட்டி என்னைத் தனியா கூப்பிட்டு, ஸ்டார்ட்டிங்கைக் கட் பண்ற மாதிரி பக்கத்து சீட்டுக்கு அடியில யார் கண்ணுக்கும் தெரியாம ஒரு சோர் ஸ்விட்ச் வைக்கச் சொன்னாங்களே, நான் வச்சுக் குடுத்தது ஒழுங்கா வேலை செஞ்சுதா?”