பால் இல்லாத உறுதிமொழி

ஆவுடையப்பன் முப்பது ஆண்டுகளாக ஒரே ஒரு மின்தடையை நம்பிக் குடும்பம் நடத்தி வந்தார்.

அந்த மின்தடை அவருடைய திருமணத்தன்று நிகழ்ந்தது. ஆலங்குடியில் சீர்திருத்த முறையில், பெரியவர் ஒருவர் முன்னிலையில், உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொண்ட திருமணம். மணமகன் ஒலிபெருக்கியின் முன் வந்து, "ஆவுடையப்பன் ஆகிய நான்" என்று தொடங்கினார். மின்சாரம் போயிற்று. அவருடைய உதடுகள் அசைந்தன; பந்தலில் இருந்த ஒருவர் காதிலும் ஒரு சொல்லும் விழவில்லை. அவர் முடித்துவிட்டு நகர்ந்தார். மின்சாரம் வந்தது. மணமகள் செல்வராணியின் உறுதிமொழி மட்டும் பேருந்து நிலையம் வரை கேட்டது.

அன்று முதல் ஆவுடையப்பன் மின்தடையைப் பற்றிக் குறை கூறியதே இல்லை.

"கட்டிக்கிறப்ப என்ன சொன்னீங்க? நல்லதுலயும் கெட்டதுலயும் சரிபாதி ஒனக்குன்னு சொன்னீங்களா இல்லையா?" என்று செல்வராணி கேட்பார்.

"யாரு கேட்டா?"

"நான் பக்கத்துலதானே நின்னேன்!"

"பக்கத்துல நின்னவ சாட்சி ஆக முடியாது. மூணாவது மனுசனைக் கூப்பிடு."

மூன்றாவது மனிதர் கிடைக்கவில்லை. வழக்கு ஆண்டுதோறும் இவ்வாறே தள்ளுபடியாயிற்று.

அரசுப் பேருந்துக் கழகத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபின் ஆவுடையப்பன் வீட்டின் முன்னறையில் நிலைகொண்டார். தெருவைப் பார்த்த அறை, இரண்டு சன்னல், பகல் முழுவதும் வெளிச்சம். அங்கே அவருக்குக் கட்டில், தொலைக்காட்சி, கேரம் பலகை; கேரம் பலகைக்குத் துணையாகத் தேங்காய் வியாபாரி குழந்தைசாமி. செல்வராணியோ மணப்பெண்களின் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவர். தங்க நூலும் மணியும் கோத்து மயிலும் கொடியும் அவர் எழுப்பியது சமையலறைக்குப் பின்னால் இருந்த இடைவழியில், ஒற்றை விளக்கின் கீழ். மணப்பெண்கள் பக்கச் சந்துக்குள் நுழைந்து, பாத்திரம் துலக்கும் இடத்தில் வழுக்காமல் தப்பித்தால் அவரைக் காணலாம். தப்பிக்காதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். ஊசிக்காதும் அண்மையில் செல்வராணிக்கு இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

"முன்னறையக் குடுங்கங்க. பகல் வெளிச்சத்துல தச்சாத்தான் என் கண்ணு தாங்கும்."

"அது வரவேற்பறை. வாரவங்க எங்கிட்டு ஒக்காருவாங்க?"

"யாரு வாராங்க? குழந்தைசாமி அண்ணன் ஒருத்தர்தான் வாரார். அவரும் வந்தாப் படுத்துக்கிறார்."

"படுக்க எடம் இல்லாத வீட்டுக்கு யாரு வருவா?"

இந்த வாதத்துக்குச் செல்வராணியிடம் மறுமொழி இல்லை என்று ஆவுடையப்பன் எண்ணிக்கொண்டார். செல்வராணி அப்போது வாயில் ஊசியைக் கவ்வியிருந்தார் என்பதே உண்மை.

இந்நிலையில் திருச்சியில் வாழ்க்கைப்பட்ட மகள் கார்த்திகா வந்தாள்.

"அப்பா, ஒங்களுக்கு இது முப்பதாவது வருஷம். இப்பல்லாம் கல்யாண உறுதிமொழிய ரினிவல் பண்றாங்க. சொந்தக்காரங்களக் கூப்பிட்டு, மாலை போட்டு, மைக்குல மறுபடி சொல்லணும்."

"ரினிவல் பண்ண நான் என்ன பஸ் பாஸா?"

"அன்னைக்கு நீங்க சொன்னது யாருக்குமே கேக்கலையாம்ல? இந்தத் தடவை ஜெனரேட்டர் உள்ள மண்டபமாப் பாப்போம். வீடியோவும் எடுப்போம்."

ஆவுடையப்பனுக்கு வியர்த்தது. அரண் போல் முப்பது ஆண்டுகள் காத்த மின்தடையை மகள் ஒரு ஜெனரேட்டரால் இடிக்கப் பார்க்கிறாள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே நிறுத்தினார். ஒலிபெருக்கிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

அன்று பிற்பகல் கேரம் பலகையின் மேல் குனிந்தவாறு திட்டத்தை வெளியிட்டார்.

"மாப்ள, மைக்கு என்னைக் கட்டுற மாதிரி அவளையும் கட்டும்ல? உறுதிமொழிய எழுதப்போறது யாரு? நானு. முன்னறையக் கேக்க மாட்டேன்னு அவளையே ஊரறியச் சொல்ல வச்சிருவேன்."

"அப்ப நீ என்ன சொல்லுவ?" என்றார் குழந்தைசாமி.

"நான் ஒரே ஒரு வார்த்தை. அவ நீளமாச் சொல்லி முடிச்ச ஒடனே, நான் 'ஏற்கிறேன்'ம்பேன். முடிஞ்சுச்சு."

"தங்கச்சி ஒத்துக்குமா?"

"அதான் சூட்சுமம். இலக்கியத் தமிழ்ல எழுதப்போறேன்."

எழுதினார். பேருந்து நேரங்களை ஒலிபெருக்கியில் அறிவித்துப் பழகிய கை. சொற்கள் தடையின்றி வந்தன. எழுதியதைச் செல்வராணியின் முன் நின்று, அறந்தாங்கிப் பேருந்து புறப்படும் தோரணையில் படித்தார்.

"செல்வராணி ஆகிய நான், என் கணவரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லேன். வீட்டின் முன்னறையில் உரிமை கோரேன். அதை மனமுவந்து அவருக்கே விடுவேன். அங்கே நடப்பதில் தலையிடேன். காலையும் மாலையும் அவர் கேட்கும் முன்பே காபி கொடுப்பேன்."

செல்வராணி ஊசியை நிறுத்தவில்லை. "'சொல்லேன்'னா? 'சொல்லேன், சொல்லேன்'னு கெஞ்சுற மாதிரியில்ல இருக்கு?"

"அது இலக்கியம். சொல்ல மாட்டேன்னு அர்த்தம்."

"அப்ப எல்லாத்தையும் 'மாட்டேன்'னே போட்டுருங்க. கேக்குறவங்களுக்குப் புரியணும்ல."

புரிய வேண்டும் என்பதில் ஆவுடையப்பனுக்கும் மறுப்பில்லை. மாற்றினார்.

"அப்புறம், 'கணவர்'ங்கிறது பழைய பத்திரிகை மாதிரி இருக்குங்க. கார்த்திகா மாமியார் வீட்டு ஆளுக எல்லாம் படிச்சவங்க. 'வாழ்க்கைத் துணை'ன்னு போட்டா கௌரவமா இருக்கும்."

துணை என்றாலும் கணவர்தானே? மாற்றினார்.

"இன்னொண்ணு. என் பேரை நானே மைக்குல சொல்றதா? வெக்கமா இருக்கு. வெறும் 'நான்'னு இருக்கட்டுமே."

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வெட்கம்! ஆவுடையப்பன் உருகிப்போனார். பெயரையும் அடித்தார். இரண்டு சொற்களை விட்டுக்கொடுத்து ஓர் அறையைப் பெறுவது அவருக்கு மலிவான பேரமாகப் பட்டது. செல்வராணி எதற்கும் உடனே ஒப்புக்கொண்டதில்லை என்னும் பழைய உண்மை அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

உறுதிமொழியைச் சொல்லிக்கொடுக்க ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஞானமணியை அவரே தேர்ந்தெடுத்தார். அந்த அம்மையாரின் முன்னால் ஊரில் எவரும் ஓர் எழுத்தையும் விழுங்கியதில்லை. ஆவுடையப்பன் நேரில் போய், எழுதிய தாளைக் கொடுத்து எச்சரித்துவிட்டு வந்தார்.

"டீச்சர், சொல்றவங்க ஒரு வார்த்தையும் முழுங்கக் கூடாது. முழுங்குனா மறுபடி சொல்ல வைக்கணும்."

"வைக்கிறேன்."

"பாதியில நின்னாலும் விடாதீங்க. அழுதாக்கூட விடாதீங்க."

"அழுவாங்களா?"

"சந்தோசத்துல, டீச்சர்."

விழா நாள் வந்தது. திருச்சியிலிருந்து மகள் வீட்டார் வந்தனர். கறம்பக்குடியிலிருந்து செல்வராணியின் உடன்பிறந்தார் ஒரு வேன் நிறைய வந்தனர். ஆவுடையப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜெனரேட்டரில் டீசல் நிரம்பியிருக்கிறதா என்று தம் கண்ணாலேயே பார்த்துவிட்டு மேடையேறினார். அவரைப் போல் மின்சாரத்தில் அக்கறை கொண்ட மணமகனைத் தாம் கண்டதில்லை என்று மண்டபத்துக்காரர் பாராட்டினார்.

மாலை மாற்றியாயிற்று. ஞானமணி டீச்சர் ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

"அவையோரே, முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த மணமகளின் உறுதிமொழியைப் பேருந்து நிலையமே கேட்டது. கேட்டதை மறுபடியும் கேட்க வேண்டியதில்லை. கேளாமற்போனது மணமகனின் உறுதிமொழி. ஆகவே, அதைக் கேட்கவே இன்று கூடியிருக்கிறோம். ஆவுடையப்பன் அவர்களே, முன்னே வாருங்கள்."

மண்டபம் கை தட்டியது. ஆவுடையப்பனின் கால்கள் மட்டும் முன்னே வந்தன.

"டீச்சர், இது அவ—"

"நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்கள். நான்."

"எனக்கு ஒரு வார்த்தைதான், டீச்சர். ஏற்—"

"நான்."

கறம்பக்குடிக் கூட்டத்திலிருந்து செல்வராணியின் அக்காள் ராக்காயி குரல் கொடுத்தார். "என்ன கொழுந்தனாரே! முப்பது வருஷமாகியும் மொத வார்த்தையே வரலையா?"

சிரிப்பு எழுந்தது. வீடியோக்காரர் நெருங்கி வந்தார். ஆவுடையப்பன் வாழ்நாளில் முதன்முறையாக மின்தடைக்காக வேண்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் பார்த்தார். ஜெனரேட்டர், அவர் சரிபார்த்த டீசலைக் குடித்துவிட்டு நிறைவாக உறுமிக்கொண்டிருந்தது.

"நான்," என்றார்.

"என் வாழ்க்கைத் துணையின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல மாட்டேன்."

"என் வாழ்க்கைத் துணையின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல…"

"கடைசிச் சொல் கேட்கவில்லை."

"…மாட்டேன்."

"வீட்டின் முன்னறையில் உரிமை கோர மாட்டேன். அதை மனமுவந்து அவருக்கே விடுவேன்."

இங்கே ஆவுடையப்பனின் குரல் உடைந்தது. கண்ணில் நீர் நின்றது. முன்வரிசையில் இருந்த பெண்களுக்கும் கண் கலங்கியது. இப்படி ஓர் ஆண்மகன் அமைவது அரிது என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். டீச்சர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "அழுதாலும் விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

விடவில்லை. தலையிட மாட்டேன் என்பதையும், கேட்கும் முன்பே காபி கொடுப்பேன் என்பதையும் ஆவுடையப்பன் சொல்லி முடித்தார். காபிக்கு இருமுறை கை தட்டினார்கள்.

பிறகு செல்வராணி ஒலிபெருக்கியின் முன் வந்தார். தலை குனிந்திருந்தார். வெட்கம் சிறிதும் குறையவில்லை.

"ஏற்கிறேன்," என்றார்.

அதுவும் பேருந்து நிலையம் வரை கேட்டது.

பந்தியில் ஆவுடையப்பன் டீச்சரின் இலைக்கு எதிரே போய் நின்றார். குழந்தைசாமி பக்கத்து இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அது செல்வராணி சொல்ல வேண்டியது. தப்பா என்னையச் சொல்ல வச்சுட்டீங்க."

"அப்படியா? அது பெண்ணுக்கு எழுதுனதுங்கிறதுக்கு அதுல எங்க அடையாளம் இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

ஆவுடையப்பன் மனத்துக்குள் தேடினார். நான். துணை. மாட்டேன். அவர். விடுவேன். கொடுப்பேன். பேருந்து நிலையத்தில் காணாமற்போன பெட்டியைத் தேடுவது போல் ஒவ்வொரு சொல்லாகத் திறந்து பார்த்தார். ஒன்றிலும் பெண் இல்லை.

"ஆண் சொன்னாலும் 'கொடுப்பேன்', பெண் சொன்னாலும் 'கொடுப்பேன்'. தன்மைக்குப் பால் இல்லை, ஆவுடையப்பன்," என்றார் டீச்சர்.

"பால் இல்லையா?" என்று நிமிர்ந்தார் குழந்தைசாமி. "பாயசம் நல்லா திக்காத்தானே இருக்கு?"

"பேரு இருந்துச்சு, டீச்சர். அவதான் வெக்கமா இருக்குன்னு எடுக்கச் சொன்னா."

"நீங்கதானே எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு டீச்சர் மோரை வாங்கக் கையை நீட்டினார். ரவிக்கைக் கையில் தங்க நூல் மயில் ஒன்று தெரிந்தது. அருமையான வேலைப்பாடு. கண் மட்டும் சற்றே கோணியிருந்தது. இடைவழியின் ஒற்றை விளக்கில் தைத்தது.

அடுத்த வாரமே ஆரிச் சட்டம் முன்னறைச் சன்னலோரம் வந்தது. மணப்பெண்கள் தெருவாசல் வழியாக, வழுக்காமல் வந்தார்கள். கட்டிலும் கேரம் பலகையும் இடைவழிக்குப் போயின. அங்கே குழந்தைசாமிக்குக் காயும் தெரியவில்லை, குழியும் தெரியவில்லை.

"இந்த வெளிச்சத்துல மனுசன் எப்படி மாப்ள வெளையாடுறது?" என்றார் அவர். அந்தக் கேள்விக்கான விடை முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தது.

வாக்குத் தவறினார் என்று மட்டும் அவரை எவரும் சொல்ல முடியாது. நேரம் காப்பது அவருடைய பழைய தொழில். காலைக் காபி, செல்வராணி கண் விழிக்கும் முன் வந்தது. மாலைக் காபி, அவர் நூலை அறுக்கும் முன் வந்தது. ஆனால் ஒருநாள் மாலை, சிவப்புக் காய் குழியின் விளிம்பில் நின்றபோது, ஆவுடையப்பன் நேரத்தை மறந்தார்.

"என்னங்க, காபி…" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

அவர் பலகையைத் தட்டிவிட்டு எழுந்து, டம்ளரோடு ஓடினார். செல்வராணி ஊசியைச் சட்டத்தில் குத்திவிட்டு, வாயில் விரல் வைத்தபடி இருந்தார்.

"அடடா! கேட்டுட்டேனேங்க. கேக்குறதுக்கு முன்னாடியே குடுப்பேன்னுல்ல சொன்னீங்க? உறுதிமொழி ஒடஞ்சு போச்சே!"

"ஒரு தடவைதானே, ராணி. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. பரவாயில்லைங்க, அடுத்த வருஷம் இன்னொரு தடவை ரினிவல் பண்ணிக்குவோம்." செல்வராணி காபியை வாங்கிக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் அவரைப் பரிவோடு பார்த்தார். "அதையும் நீங்களே எழுதுங்க, ரொம்ப நல்லா எழுதுறீங்க."